மூடாத கடைக்கால்

வில்லாபுரம், மதுரை
5-2-2001

கண்ணுச்சாமி அவர்களுக்கு,

ராமமூர்த்தி எழுதுகிறேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராமமூர்த்திதான். உங்கள் விலாசத்துக்கு ரொம்ப அலைந்தேன். கடைசியில் நம்மிடம் கொத்தனாராக இருந்த காளைதான் கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, போஸ்ட் ஆபீஸும் சொன்னார். வீட்டில் எல்லோரும் நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடை கட்டுவதற்கென்று வில்லாபுரத்தில் வாங்கிப் போட்ட அந்தப் பதினோரு செண்ட் இடம் நாலு வருஷத்துக்கு மேலாகச் சும்மாவே கிடக்கிறது. 1996 ஐப்பசியில் உங்கள் மகள் தங்கப்பொண்ணு அந்த இடத்தில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய கடைக்கால் குழித் தண்ணீரில் விழுந்து போனபிறகு, நான் அங்கே ஒரு செங்கல் வைக்கவில்லை. கருவேல முள் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தெருக்காரர்கள் குப்பை கொட்டுகிறார்கள். கல்யாண மண்டபம் கட்ட ஒருவர் கேட்டார், மருந்து குடோனுக்கு ஒருவர் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது அதை மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்து, ஒரு சின்னப் பூங்காவாக ஆக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நாலு பெஞ்சு, ரெண்டு புங்கமரம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு. இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாட மண் தரையே கிடையாது, நடுரோட்டில்தான் ஓடுகின்றன. பூங்காவுக்குத் தங்கப்பொண்ணு பெயரை வைக்கவேண்டும் என்பது என் மனைவி வசுந்தராவின் ஆசை. எனக்கும்தான். பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது. உங்கள் சம்சாரம் ஒச்சம்மாளிடமும் கேட்டு எழுதுங்கள்.

நடந்தது நம் யார் கையிலும் இல்லாத காரியம். இதையாவது நம் கையால் செய்வோம்.

இப்படிக்கு,
ராமமூர்த்தி


26-2-2001

முதலாளி ராமமூர்த்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கவரில் உங்கள் கடைப் பெயரைப் பார்த்ததும் நாலு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு வயலில் வைத்துப் பிரித்தேன். இரண்டு வருஷம் என்னை நீ, வா, போ என்றவர் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கக் கூச்சமாக இருந்தது.

பெயர் வைக்க வேண்டாம்.

யார் கையிலும் இல்லாத காரியம் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் கையில் இருந்தது. கீழே குடோன் வேண்டும் என்று எட்டடி ஆழத்துக்குக் கடைக்கால் தோண்டியது ஆனி மாதம். ஆடி பிறந்துவிட்டது, கல் ஊன்றக் கூடாது என்றீர்கள். ஆவணியில் ஜோசியர் நாள் சரியில்லை என்றார். புரட்டாசியிலும் அதையே சொன்னார். மழை வந்து குழி நிறைந்தது. அங்கேயே குடிசை போட்டுப் பிள்ளையோடு காவல் இருந்தவன் நான். தகரமாவது வைத்து அடையுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். நாலு நாளில் வேலை ஆரம்பித்துவிடும் என்று மூன்று தடவையும் சொன்னீர்கள். சரி, அதுவரை மண்ணைத் தள்ளி மூடவா என்று கேட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தோண்டின கடக்கால மூடினா அதுக்கு மேல கட்டடம் எந்திரிக்காது. பெரியவங்க சொல்லியிருக்காங்க."

அதுகூடப் போகட்டும். பிள்ளை செத்த அன்று போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் மச்சினர் வக்கீல் வெங்கடேஷ்பாபு ஒரு தாள் எழுதினார். கையெழுத்துப் போட்டால் பிள்ளையை அப்படியே வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் கொடுப்பார்கள் என்றார். ஏழு வயதுப் பிள்ளை முதலாளி. நான் போட்டேன். அதற்கு முன்னால் நீங்களும் அவரும் உங்கள் வீட்டு பாஷையில் ஏதோ பேசிக்கொண்டீர்கள். எனக்குப் புரியவில்லை. பிறகு அந்தத் தாளைச் சத்தமாக வாசித்தார்கள். "நான் காவல் வேலையை விட்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டேன், என் கவனக்குறைவால் நடந்தது." ஒச்சம்மாள் என் பக்கத்தில் நின்று கேட்டாள்.

நான் எங்கே போனேன் என்று உங்களுக்குத் தெரியும். எப்போது கல் ஊன்றலாம் என்று கேட்டுவரச் சொல்லி, ஜாதகத்தைக் கையில் கொடுத்துத் திருப்பரங்குன்றத்து ஜோசியரிடம் என்னை அனுப்பியது நீங்கள்.

ஒச்சம்மாளிடம் சொன்னேன். பொய்யாகவா ஒருத்தன் கையெழுத்துப் போடுவான் என்றாள். சாராயக்கடைக்குப் போயிருப்பான் என்று அவள் அண்ணன்மார் பேசினார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு வைப்பாள், பேச மாட்டாள். வயலில் வேலை இருந்தால் அதை மட்டும் சொல்வாள்.

கண்ணுச்சாமி


12-3-2001

கண்ணுச்சாமி,

உங்கள் கடிதத்தைக் கடைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வசுந்தராவிடம் காட்டவில்லை.

நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மகள் பிருந்தாவுக்குத் தையில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. கேஸ் என்று வந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். தாளை எழுதியது வெங்கடேஷ்பாபு, நான் இல்லை. இப்படிச் சொல்வது எனக்கே நன்றாக இல்லை. இருந்தாலும் நடந்தது அதுதான்.

ஜோசியம் எல்லாம் நான் கண்டுபிடித்ததா? கட்டடம் கட்டுகிற எல்லோரும் பார்க்கிறதுதான். ஒரு வருஷம் பொறுத்துக் கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

ஒன்று யோசித்தேன். பூங்காவுக்குக் காவலுக்கு ஓர் ஆள் போடச் சொல்லலாம். வார்டு கவுன்சிலர் எனக்கு வேண்டியவர். உங்களுக்கே கிடைக்கும்படி செய்கிறேன். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒச்சம்மாளும் கூட வந்து தங்கலாம். என்ன சொல்கிறீர்கள்?

ராமமூர்த்தி


2-4-2001

முதலாளிக்கு,

மறுபடி அதே இடத்துக்குக் காவலா? ஆடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று ஒரு பேச்சு உண்டே, அந்த மாதிரி நினைத்துவிட்டீர்கள். கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பீர்கள் என்பது தெரிகிறது. அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

எனக்கு உங்களிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. ஒச்சம்மாளிடம் வந்து, கண்ணுச்சாமியை நான்தான் அனுப்பினேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கடிதம் எழுதினால் போதாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினால் நானே எழுதிக்கொண்டு வந்தேன் என்பாள். அடுத்தவரை வாசிக்கச் சொன்னால் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தேன் என்பாள். அவள் காதில் விழுந்த பொய் ஸ்டேஷனில் நாலு பேர் முன்னால் விழுந்தது. அதை எடுக்க அதே மாதிரிதான் ஒரு சொல் வேண்டும்.

அன்று அவள் அவனியாபுரத்தில் சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள். கடைசியாகப் பிள்ளையைப் பார்த்தவன் நான். நான் கிளம்பும்போது தங்கப்பொண்ணு தன் சிவப்பு ரிப்பனைத் துவைத்து, செங்கல் அடுக்கின் மேல் விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போக. குழிப்பக்கம் போகாதே என்றேன். சரிப்பா என்றது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெற்றவள் கேட்டால் சொல்லலாம். அவள் கேட்கவே இல்லை. ஏதோ எழுத வந்து இதை உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

அந்தக் குழியை மூடினீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

கண்ணுச்சாமி


வில்லாபுரம்
20-5-2001

கண்ணுச்சாமி,

ஏழு வாரமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் என் பக்கத்து நியாயமே நிறைந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

குழியை மூடவில்லை. ஓரங்கள் சரிந்து பாதி தூர்ந்திருக்கிறது, முள் மண்டியிருக்கிறது. போன மாதம் மாநகராட்சியிலிருந்து இன்ஜினீயர் பிளான் போட்டுக்கொண்டு வந்தார். பச்சை மையில் மரம், மஞ்சள் மையில் நடைபாதை. நடுவில் நீலமாக ஒரு வட்டம் இருந்தது. ஏற்கெனவே பள்ளம் இருக்கிறதே சார், செலவில்லாமல் தாமரைக் குளம் ஆக்கிவிடலாம் என்றார். நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் போய் அரைமணி கழித்துத்தான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

அன்று வசுந்தராவிடம் எல்லாம் சொன்னேன். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவோம். அதில் சொல்ல வாய் வரவில்லை. தமிழில்தான் சொன்னேன். ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டேஷனில் எங்கள் பாஷையில் பேசினோம் என்று எழுதியிருந்தீர்கள். வெங்கடேஷ்பாபு என்னிடம் கேட்டது இதுதான். இவனை யார் எங்கே அனுப்பினார்கள் என்று எழுதவேண்டுமா? நான் வேண்டாம் என்றேன். இவ்வளவுதான் பேசினோம். அவன் கேட்டான், முடிவு செய்தது நான். தாளை எழுதியது அவன், நான் இல்லை என்று மார்ச் மாதக் கடிதத்தில் உங்களுக்கு எழுதினேனே, அது இரண்டாவது பொய்.

கேட்டுவிட்டு வசுந்தரா, அந்தப் பொண்ணு பேரை வைக்கணும்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, என்னை இப்படித் திரிய விட்டுட்டீங்களே என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்ற வியாழக்கிழமை நான் கொட்டாம்பட்டி வந்தேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஸ்டாப்பில் இறங்கி, டீக்கடையில் உங்கள் ஊருக்கு வழியும் கேட்டேன். ஒன்றரை மைல் என்றார்கள். ஒரு டீ குடித்தேன். ஒச்சம்மாள் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. ஒன்றரை மைல் நடக்க முடியாமல் இல்லை.

ராமமூர்த்தி


11-6-2001

முதலாளிக்கு,

நீங்கள் வந்தது தெரியும். டீக்கடைப் பேயாண்டி அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், உன் ஊருக்கு வழி கேட்டவர் வந்த பஸ்ஸுக்கு எதிர் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்றார். நீங்கள்தான் என்று நினைத்தேன். வந்தவர் வந்திருக்கலாம். திட்டியிருப்பாள், அவ்வளவுதான். கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நீங்கள் ஸ்டேஷனில் பேசியதை எழுதியிருக்கிறீர்கள். அதை ஐந்தாறு தடவை படித்தேன்.

கடிதத்தை ஒச்சம்மாளுக்கு வாசிக்கவில்லை. ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தள்ளி உட்கார்ந்து பொதுவாகச் சொன்னேன். முதலாளி அந்த இடத்தில் பூங்கா வைக்கப்போகிறாராம், குழியை இன்னும் மூடவில்லையாம், அதைத் தாமரைக் குளம் ஆக்கப் பிளான் போட்டிருக்கிறார்களாம் என்றேன்.

உடைப்பதை நிறுத்திவிட்டாள். நாலரை வருஷம் கழித்து என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"இன்னுமா அது தொறந்து கெடக்கு?"

ஆமாம் என்றேன். முறத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பொம்பள சுடுகாட்டுக்கு வரப்புடாதுன்னு தெருமொனையிலயே என்னைய நிப்பாட்டிட்டீங்க. எம்புள்ளைக்கு நீ மூணு பிடி மண்ணு போட்ட. எங்க அண்ணே போட்டாரு. ஊரான் போட்டான். பெத்தவ நான் போடல. எம்புள்ளைய முழுங்குன குழி அது. அதுல தாமரை வளப்பாங்களாமா? அதுக்கு நான் மண்ணள்ளிப் போடணும். அவருக்கு எழுது."

எழுதிவிட்டேன்.

கண்ணுச்சாமி


வில்லாபுரம்
8-7-2001

கண்ணுச்சாமி, ஒச்சம்மாள் இருவருக்கும்,

தாமரைக் குளம் இல்லை. பிளானை மாற்றி எழுதி வாங்கிவிட்டேன். அந்த இடம் வெறும் மண் தரையாக, பிள்ளைகள் ஓடுகிற இடமாக இருக்கும்.

முள்ளை வெட்டியாகிவிட்டது. காளையைத்தான் கூப்பிட்டேன். குழியை மூடணும் என்றதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "தோண்டுன கடக்கால மூடுனா இடத்துக்காரருக்கு ஆகாதுண்ணே" என்றார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் எனக்கே திருப்பிச் சொன்னார். ஆகாமல் போகட்டும், நீ மூடு என்றேன்.

வெங்கடேஷ்பாபு வந்திருந்தான். பூங்கா கொடுப்பது சரி, நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதே, முடிந்த கேஸை நீயே எழுப்பாதே என்றான். அவன் சொல்வதும் சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். கேட்க மாட்டேன் என்றதும் எழுந்து போனான், அப்புறம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிருந்தா ஊரிலிருந்து போனில் அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

இந்த மாதம் 31, செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணி. ஆடி மாதம். ஜோசியரிடம் போகவில்லை. அது ராகுகாலம் என்று வசுந்தரா சொன்னாள். இருக்கட்டும் என்றேன்.

இரண்டு லாரி மண் வந்து இறங்கியிருக்கும். ஒச்சம்மாள் கை படாமல் யாரும் ஒரு சட்டி மண் போட மாட்டார்கள். சொல்ல வேண்டியதை அங்கே வைத்து, தெருக்காரர்கள் முன்னால் சொல்கிறேன். வாருங்கள். நீங்கள் வராவிட்டாலும் சொல்வேன். ஆனால் கேட்க வேண்டியவர் கேட்காமல் அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

ராமமூர்த்தி


6-8-2001

ராமமூர்த்தி அண்ணனுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாளே மழை, கடலை விதைப்பு. அதனால் எழுதத் தாமதம்.

அன்று நீங்கள் மேலே துண்டுகூடப் போடாமல் வந்து நின்றீர்கள். நாற்பது பேர் இருந்தார்கள். தரையைப் பார்த்தே பேச ஆரம்பித்தீர்கள். முன்னால் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. ஒச்சம்மாள் கையில் மண்ணை அள்ளி வைத்துக்கொண்டு, "இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க" என்றாளே, அப்போது என்னால் உங்களைப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

"கண்ணுச்சாமி எங்கயும் சொல்லாமப் போகல. என் வேலையா நான்தான் அனுப்பினேன். வேலி கேட்டாரு, போடல. குழியை மூடவான்னு கேட்டாரு, நான்தான் விடல. பொய்யா எழுதி வாங்கினதும் நான்தான்."

இதில் ஒரு சொல் மாறியிருக்காது. எனக்கு மனப்பாடம். பிறகுதான் அவள் போட்டாள். மூன்று பிடிக்கு அப்புறமும் நிறுத்தவில்லை. பொழுது சாயும்வரை சட்டி சட்டியாகச் சுமந்து கொட்டினாள். சித்தாள் வேலை பார்த்தவள், யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. வசுந்தரா அம்மா கூடச் சேர்ந்து சுமந்தார்கள், அவர்களுக்குக் கை கொப்பளித்திருக்கும். விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்களை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பெயர் வைக்கச் சொல்லிவிட்டாள். "யாரு அந்தப் புள்ளன்னு நாலு பேரு கேப்பாங்க. கேக்கட்டும். கேக்குறவுகளுக்கு அவரு சொல்லட்டும்" என்றாள். அதனால் யாராவது கேட்டால் நீங்கள் சொல்லவேண்டும் அண்ணே. ஒவ்வொரு தடவையும்.

இன்னொன்று எழுதவேண்டும். இதைச் சொல்ல எனக்கு உங்களைத் தவிர ஆள் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் பக்கம் இடம் இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நகக்கண்ணெல்லாம் மண். மேலூரில் பஸ் நின்றபோது ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு நீ கெளம்பும்போது புள்ள என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

ரிப்பனைத் துவைத்து, செங்கல் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னேன். அன்று நல்ல காத்து என்றும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். தண்ணீரிலிருந்து தூக்கியபோது பிள்ளையின் கையில் அந்த ரிப்பன் இருந்திருக்கிறது. விரலை மடக்கிப் பிடித்திருந்ததாம். நான் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அவள் அதைப் பிரித்து எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். தலையில் கட்டுகிற ரிப்பன் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாமல் இத்தனை வருஷம் தனியாக வைத்து யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரோ பிடித்துத் தள்ளினார்களோ, கட்டிவிடச் சொல்லி என்னைத் தேடி அலைந்ததோ என்றெல்லாம்.

"பறந்து விழுந்ததை எடுக்கப் போயிருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் கொட்டாம்பட்டி வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கண்ணுச்சாமி